மூன்றாவது ஆள்: நட்சத்திர பிம்பம் என்றால் என்ன?

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இலங்கையின் வன்னியில் முள்ளியவளைப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் மின்சாரம் கிடையாது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் அளந்து விற்கப்பட்ட காலம் அது. ஆனாலும் மாதத்தில் ஒரு முறையாவது நாலைந்து வீட்டார் காசு சேர்த்து ஜெனரேற்றரும் டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்குப் பிடித்து, யாராவது ஒருவருடைய முற்றத்தில் விடிய விடியப் படம் போடுவார்கள். அப்படியான ஓர் இரவில் எம்.ஜி.ஆர். படமொன்று ஓடிக்கொண்டிருந்தது. வில்லனின் ஆட்கள் அவரைத் தூணில் கட்டிச் சவுக்கால் அடிக்கத் தொடங்கிய கட்டத்தில் ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. நாங்கள் பிள்ளைகள் பதறிக்கொண்டிருக்க, அம்மம்மா ஆறுதலாக எழுந்து பாயை உதறிச் சுருட்டினார். "அவருக்கு ஒண்டும் நடவாது. எழும்பு, போய்ப் படுப்பம்" என்றார்.

சில மாதங்கள் கழித்து அதே முற்றத்தில் ஒரு சிவாஜி படத்தின் நடுவிலும் இதே கோளாறு ஏற்பட்டது. அன்று அம்மம்மா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. மாமாவிடம் போத்தலைக் கொடுத்து, எங்கேயாவது மண்ணெண்ணெய் பிடித்துக்கொண்டு வரும்படி சைக்கிளில் அனுப்பினார். ஏன் இன்றைக்கு மட்டும் இருக்கிறோம் என்று கேட்டேன். "இந்த மனுசன் செத்தாலும் செத்துப்போகும், பாத்திட்டுத்தான் போகவேணும்" என்றார்.

அந்த இரண்டு படங்களையும் அம்மம்மா அதற்கு முன்னர் பார்த்ததில்லை. இரண்டின் கதையும் அவருக்குத் தெரியாது. அப்படியிருந்தும் ஒன்றின் முடிவு அவருக்குத் தெரிந்திருந்தது, மற்றதன் முடிவு தெரியாது என்பதும் தெரிந்திருந்தது. சினிமாவைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய கருத்துகளில் ஒன்றான நட்சத்திர பிம்பம் என்பது அம்மம்மாவின் இந்த அறிவைத்தான் குறிக்கிறது. உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் எனக்கு, புத்தகத்தில் உள்ள வரைவிலக்கணத்தைவிட அந்தச் சுருட்டிய பாயே இதை விளங்கப்படுத்த உதவியிருக்கிறது.

திரையில் ஒரு புகழ்பெற்ற நடிகரைப் பார்க்கும்போது உண்மையில் மூன்று பேரைப் பார்க்கிறோம். ஒருவர், தாய் தகப்பனுக்குப் பிறந்து, சம்பளம் வாங்கி, நோய் வந்தால் படுக்கிற மனிதர். இரண்டாமவர், அந்தப் படத்தின் கதைக்குள் மட்டும் வாழும் பாத்திரம். படம் முடிந்தால் அவரும் முடிந்துவிடுவார். மூன்றாமவர் இந்த இருவருக்கும் இடையில் நிற்பவர். முந்தைய படங்கள், பாடல்கள், சுவரொட்டிகள், வானொலிப் பேச்சுகள், ஊர் வதந்திகள் எல்லாம் படிந்து படிந்து பார்வையாளரின் மனத்தில் உருவான ஆள் அவர். பாத்திரத்தின் பெயர் படத்துக்குப் படம் மாறும். மூன்றாவது ஆள் மாறுவதில்லை. தூணில் கட்டப்பட்டு அடிவாங்கியது ஏதோ ஒரு பெயர்கொண்ட பாத்திரம். அம்மம்மா பார்த்தது அந்த மூன்றாவது ஆளை. அவருக்குத்தான் ஒன்றும் நடக்காது. நடிகர் என்ற சொல் முதலாமவரின் தொழிலைச் சொல்கிறது. நட்சத்திரம் என்ற சொல் இந்த மூன்றாமவரைச் சொல்கிறது. நல்ல நடிகர்கள் பலருக்கு மூன்றாவது ஆள் உருவாவதேயில்லை என்பதையும், நடிப்பில் சுமாரான சிலருக்கு அவர் மலைபோல வளர்ந்துவிடுகிறார் என்பதையும் சேர்த்து நினைத்தால் வேறுபாடு தெளிவாகும்.

வன்னியில் வளர்ந்தவருக்கு இது புதிய சங்கதி அல்ல. கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் ஆடப்படும் ஊர்களில், ஒரு பாத்திரத்தைப் பல ஆண்டுகள் ஆடியவரைப் பாத்திரத்தின் பெயராலேயே அழைப்பதைக் கேட்டிருக்கிறோம். வயலில் வரம்பு கட்டிக்கொண்டிருக்கும் மனிதரைப் பார்த்து "கோவலன் நிக்கிறார், கேட்டுப் பார்" என்பார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கூத்து முடிந்து அரிதாரம் கலைத்தவுடன் அவர் எங்களோடு தேநீர் குடிப்பார். அவருக்குக் கடன் இருப்பதும் முழங்கால் வலி இருப்பதும் ஊருக்குத் தெரியும். முதலாமவரைத் தெரிந்திருப்பதால் மூன்றாமவர் ஓர் அளவுக்கு மேல் வளரமாட்டார். சினிமாவில் முதலாமவர் எங்களுக்குக் கிடைப்பதேயில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பிம்பம் வளர்கிறது.

இதைத் தயாரிப்பாளர்கள் தொடக்கத்தில் விரும்பவில்லை என்பது வேடிக்கையான வரலாறு. அமெரிக்காவில் மௌனப் படக் காலத்தின் தொடக்கத்தில் நிறுவனங்கள் நடிகர்களின் பெயரை வெளியிடாமல் வைத்திருந்தன. பெயர் தெரிந்தால் சம்பளம் கூட்டிக் கேட்பார்கள் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். ஃபுளோரன்ஸ் லாரன்ஸ் என்ற நடிகையை இரசிகர்கள் பெயர் தெரியாமல், அவர் நடித்த பயோகிராஃப் நிறுவனத்தின் பெயரால் 'பயோகிராஃப் பெண்' என்றுதான் அழைத்தார்கள். கார்ல் லேம்லி என்ற தயாரிப்பாளர் அவரைத் தன் நிறுவனத்துக்கு எடுத்துக்கொண்டார். 1910-இல் அந்த நடிகை விபத்தில் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது. அது பொய், அவர் உயிரோடு எங்கள் படத்தில் நடிக்கிறார் என்று லேம்லி விளம்பரம் செய்தார். வதந்தியைப் பரப்பியதும் அவரே என்றுதான் சினிமா வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். ஒரு பெயரை ஊரறியச் செய்ய ஒரு மரணச் செய்தி தேவைப்பட்டது. அச்சம் வீண்போகவும் இல்லை: பெயர் வெளிவந்ததும் சம்பளம் கூடியது. தமிழில் கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் வெளிவந்த நந்தனார் படத்துக்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். அந்தக் காலத்து ஓர் இலட்சம்.

ஏன் அவ்வளவு கொடுத்தார்கள்? சினிமா ஒரு விசித்திரமான சரக்கு. மாம்பழத்தை முகர்ந்து பார்த்து வாங்கலாம், சேலையை விரித்துப் பார்த்து வாங்கலாம். படத்தை மட்டும் பார்ப்பதற்கு முன்னரே காசு கொடுத்து வாங்க வேண்டும். கடன் கொடுப்பவருக்கும் விநியோகஸ்தருக்கும் படமாளிகைக்காரருக்கும் இரசிகருக்கும் அந்த ஒரே இடர்தான். அந்த நிலையில் சரக்கைப் பற்றி முன்கூட்டியே தெரிந்த ஒரே விடயம் யார் நடிக்கிறார் என்பது. எங்கள் முற்றத்திலும் இதே கணக்குத்தான் நடந்தது. வீடியோக் கொப்பி வாடகைக்கு எடுக்கப் போகும் மாமாவிடம் இயக்குநர் யார், கதை என்ன என்று யாரும் கேட்டதில்லை. ஒரு எம்.ஜி.ஆர்., ஒரு சிவாஜி, பெடியங்களுக்காக ஒரு ரஜினி என்று பெயரைத்தான் சொல்லி அனுப்பினார்கள். ஒரு போத்தல் மண்ணெண்ணெயைத் தெரியாத ஆளை நம்பி எரிக்க யாரும் தயாராக இல்லை. நட்சத்திரம் என்பவர் அந்த மண்ணெண்ணெய்க்கான உத்தரவாதம்.

எம்.ஜி.ஆரின் வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்த்தால் பிம்பம் எப்படிக் கட்டப்படுகிறது என்பது விளங்கும். அவர் 1917 ஜனவரி 17-ஆம் திகதி எங்கள் நாட்டின் நாவலப்பிட்டியில் பிறந்தவர். தகப்பன் இறந்தபின் குடும்பம் இந்தியா சென்றது. வறுமை காரணமாகச் சிறுவயதிலேயே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்க்கப்பட்டார். முதற்படம் 1936-இல் வெளிவந்த சதிலீலாவதி. அதில் சிறிய வேடம். கதாநாயகனாக நடித்த ராஜகுமாரி வெளிவந்தது 1947-இல். இடையில் 11 ஆண்டுகள். இந்த 11 ஆண்டுகளில் அவர் நடிகராக இருந்தார், நட்சத்திரமாக இருக்கவில்லை. பின்னர் 1954-இல் மலைக்கள்ளன், 1958-இல் அவரே தயாரித்து இயக்கிய நாடோடி மன்னன் என்று போன பாதையில், ஏழைகளின் பக்கம் நிற்பவர், தாயைத் தெய்வமாக மதிப்பவர், திரையில் குடிக்காதவர், புகைக்காதவர் என்ற ஆள் படிப்படியாகத் திரண்டார். இது தானாக நடந்ததல்ல. எந்தக் காட்சியில் நடிப்பது, எதில் நடிப்பதில்லை, பாட்டில் என்ன கருத்து வரவேண்டும் என்பதில் அவர் மிகுந்த கவனமாக இருந்தார். அந்தப் பிம்பம் எப்படி அரசியலாயிற்று என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் என்ற ஆய்வாளர் 1992-இல் ஒரு முழு நூலாகவே ஆராய்ந்து எழுதினார்.

அம்மம்மாவின் கணிப்பு எவ்வளவு சரியானது என்பதற்கும் சான்று உண்டு. எம்.ஜி.ஆர். திரையில் இறக்கும் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1956-இல் வந்த மதுரை வீரனில் இறக்கிறார். படம் பெரும் வெற்றி. ஆனால் மதுரை வீரன் நாட்டார் தெய்வம். அவன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்தவன் என்பது படம் பார்க்க வருவதற்கு முன்னரே எல்லோருக்கும் தெரிந்த கதை. இறந்தது வீரன், மூன்றாவது ஆளுக்குச் சேதமில்லை. 1962-இல் வந்த பாசம் படத்திலும் அவர் இறக்கிறார். அது கற்பனைக் கதை. அவரைச் சாகடிக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. இரசிகர்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. ஒரே நடிகர், ஒரே மரணம். ஒன்றில் இறந்தது பாத்திரம், மற்றதில் இறந்தது பிம்பம்.

சிவாஜி கணேசனின் பிம்பம் வேறு வகையானது. 1928 அக்டோபர் 1-இல் பிறந்த வி.சி. கணேசன், மேடையில் சத்ரபதி சிவாஜியாக நடித்ததைப் பார்த்த பெரியார் ஈ.வெ.ரா. அவரைச் 'சிவாஜி' என்று அழைத்தார். பாத்திரத்தின் பெயரே மனிதரின் பெயராயிற்று. எங்கள் கூத்துக்காரரைக் கோவலன் என்று அழைப்பது போலத்தான், ஆனால் இந்தப் பெயர் அரிதாரத்தோடு கலையவில்லை. 1952-இல் பராசக்தியின் நீண்ட வசனங்களோடு திரைக்கு வந்தவர், பின்னர் கட்டபொம்மனாகத் தூக்கில் தொங்கினார், பாசமலர் அண்ணனாகச் செத்தார், கப்பலோட்டிய தமிழனாகச் செக்கிழுத்தார். 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆபிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகராகத் தெரிவானார். எம்.ஜி.ஆர். படத்தில் இவர் வெல்வார் என்பது உத்தரவாதம் என்றால், சிவாஜி படத்தில் இவர் எதையும் தாங்குவார், எதுவாகவும் மாறுவார் என்பதே உத்தரவாதம். துன்பமும் அவருடைய பிம்பத்துக்குள் அடங்கும், சாவும் அடங்கும். அதனால்தான் மாமா அன்றிரவு சைக்கிள் மிதிக்க வேண்டி வந்தது.

மூன்றாவது ஆளை உருவாக்குவது நடிகர் ஒருவர் மட்டுமல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் பெரும்பாலான பாடல்களைப் பாடியவர் டி.எம். சௌந்தரராஜன் என்ற ஒருவரே. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது யாருக்கான பாட்டு என்று சொல்லக்கூடிய விதமாக அவர் குரலை மாற்றினார். எங்களுக்கு இது மிகவும் நெருக்கமான விடயம். படம் பார்க்க வழியில்லாத மாதங்களில் எங்களிடம் இருந்தது வானொலி மட்டுமே. பற்றரி கிடைக்காதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் பாட்டுக் கேட்டோம். சுற்றுகிறவரின் கை களைத்தால் பாட்டும் களைக்கும். முகம் தெரியாமல், காட்சி தெரியாமல், பாடகர் ஒருவரின் தொண்டையிலிருந்து நடிகர் ஒருவரின் உருவத்தை நாங்கள் செய்துகொண்டோம். அந்த உருவத்தில் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் ஆகியோருக்கும் பங்குண்டு; சைக்கிள் பெடலைச் சுற்றிய என் கைக்கும் ஒரு சிறிய பங்கு உண்டென்று இன்றும் எண்ணிக்கொள்வேன்.

குரலைப் பற்றிப் பேசும்போது 1967-ஐத் தவிர்க்க முடியாது. அவ்வாண்டு ஜனவரி 12-இல் எம்.ஜி.ஆரை அவருடைய வீட்டில் வைத்து நடிகர் எம்.ஆர். ராதா சுட்டார், குண்டு கழுத்தில் பாய்ந்தது. மருத்துவமனையில் இருந்தபடியே சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்ட அவருடைய கழுத்துக் கட்டுடன் கூடிய படம் சுவரொட்டிகளாக ஒட்டப்பட்டது. அவர் வென்றார், அவர் சார்ந்திருந்த தி.மு.க.வும் ஆட்சியைப் பிடித்தது. வில்லன் வேடங்களால் பெயர்பெற்ற ஒருவர் உண்மையில் சுட, கதாநாயகர் உண்மையில் பிழைத்தார். கதைக்கும் வாழ்க்கைக்கும் இடையிலிருந்த வேலியை அந்தச் சம்பவம் பிடுங்கிப் போட்டது. ஆனால் அவருடைய பேச்சு அதன்பின் பழையபடி தெளிவாக வரவில்லை. முழுநீள வசனத்தால் வாழ்ந்த ஒரு சினிமாவில் கதாநாயகனின் குரல் கெட்டுப்போவது தொழிலின் முடிவாக இருந்திருக்க வேண்டும். சிறுவனாக இருந்தபோது ஒரு பிந்திய படத்தைப் பார்த்துவிட்டு, "இவருக்கென்ன தடிமனோ?" என்று நான் கேட்டேன். பக்கத்தில் இருந்த ஒருவர் சிரிப்பார் என்று நினைத்தேன், யாரும் சிரிக்கவில்லை. "சுட்டவங்கள் எல்லே" என்றார் அம்மம்மா, சொந்தத் தம்பியைச் சொல்வதுபோல. கரகரத்த குரல் குறையாக அல்ல, காயமாகக் கேட்டது. பிம்பம் போதிய அளவு வலுவாக இருந்தால் மனிதருக்கு நேரும் கேட்டையும் அது தன்னுள் வாங்கிக்கொள்ளும். 1972-இல் தனிக் கட்சி தொடங்கியவர், 1977-இல் முதலமைச்சரானார். 1987 டிசம்பர் 24-இல் இறக்கும்போதும் அப்பதவியில்தான் இருந்தார்.

எல்லாப் பிம்பமும் அப்படித் தாங்குவதில்லை. தமிழின் முதல் பெரும் நட்சத்திரங்களில் ஒருவரான எம்.கே. தியாகராஜ பாகவதர் 1934-இல் பவளக்கொடியில் தொடங்கி, மொத்தம் 14 படங்களில் மட்டும் நடித்தவர். 1944-இல் வந்த ஹரிதாஸ் சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே ஆண்டின் இறுதியில் பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகினர். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரே வழக்கு, ஒரே சிறை, ஒரே விடுதலை. கிருஷ்ணன் வெளியே வந்து மீண்டும் நடித்தார், சிரிக்கவைத்தார், கொண்டாடப்பட்டார். பாகவதரின் படங்கள் தொடர்ந்து தோற்றன. 1959-இல் 49 வயதில் மறைந்தார். காரணம் சிறை மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாகவதரின் மூன்றாவது ஆள் பட்டுடுத்திய, சந்தனம் பூசிய, கவலையறியாத கந்தர்வன். சிறையின் நினைவு அந்த உருவத்தில் ஒட்டாது. கிருஷ்ணனின் மூன்றாவது ஆள் எங்களில் ஒருவன்; எங்களில் ஒருவன் சிறைக்குப் போய்வருவது நடக்கக்கூடிய காரியம். அதோடு காலமும் மாறியிருந்தது. பாட்டுக்கு வாயைப் பிளந்த கூட்டம் வசனத்துக்குக் கைதட்டத் தொடங்கியிருந்தது.

நடிகைகளின் நிலை இன்னும் கடினம். கதாநாயகர் 50 வயதிலும் கல்லூரி மாணவனாக வரலாம். கூட நடித்த பெண் சில ஆண்டுகளில் அண்ணியாகவும் பிறகு அம்மாவாகவும் ஆகிவிடுவார். ஆண் நட்சத்திரத்தின் பிம்பம் குணத்தால் கட்டப்படுகிறது, பெண் நட்சத்திரத்தினது பெரும்பாலும் வயதால் கட்டப்படுகிறது என்பதே அதற்குக் காரணம், குணம் முதுமையடையாது. இந்த விதியை உடைத்தவராகவே சுந்தராம்பாளை நான் பார்க்கிறேன். அவரும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் மேடையில் இணையாகப் புகழ்பெற்றுத் திருமணமும் செய்துகொண்டவர்கள். 1933-இல் கிட்டப்பா இறந்தபின் அவர் வெள்ளைச் சேலைக்கு மாறினார். எந்த ஆணுக்கும் இணையாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். ஓர் இலட்சம் ரூபாய் வாங்கிய படத்தில் அவர் நடித்தது நந்தனாராக, அதாவது ஓர் ஆணாக. 1953-இல் ஔவையாராக வந்தார். துக்கத்தையும் குரலையும் கொண்டு முதுமையே தீண்டமுடியாத ஒரு பிம்பத்தைக் கட்டிக்கொண்டவர் அவர். ஔவைக்கு வயது ஏது?

வன்னிக்காரருக்கு மட்டும் உரிய ஓர் அனுபவத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். ஒரு நடிகரின் தொழில்வாழ்க்கை ஏறுமுகம், உச்சம், இறங்குமுகம் என்று கோடாக வளர்வதாக எழுதுவது வழக்கம். அந்தக் கோடு, படங்கள் வெளிவந்த வரிசையிலேயே பார்த்தவர்களுக்கு மட்டும் உரியது. தடை, கட்டுப்பாடு, இடப்பெயர்வு என்று வாழ்ந்த எங்களுக்குப் படங்கள் கிடைத்த நேரத்தில்தான் வந்தன. 2002-இல் ஏ9 பாதை திறந்தபின் இறுவட்டுகள் மூட்டையாக வந்திறங்க, பத்துப் பதினைந்து ஆண்டுப் படங்களைச் சில மாதங்களில் முன்பின்னாகப் பார்த்து முடித்தோம். நான் ரஜினிகாந்தின் 1995-ஆம் ஆண்டுப் பாட்ஷாவை முதலில் பார்த்தேன். 1978-இல் வந்த முள்ளும் மலரும் அதற்கும் பிறகுதான் கிடைத்தது. பெங்களூரில் பேருந்து நடத்துநராக இருந்து, 1975-இல் அபூர்வ ராகங்களில் சிறு வேடத்தில் அறிமுகமாகி, வில்லனாகவும் நடித்து, நல்ல நடிகரென்று பெயரெடுத்து, அதன்பின் பெரும் நட்சத்திரமானவர் என்பது அவருடைய உண்மையான வரலாறு. என் கணக்கில் அவர் முதலில் நட்சத்திரம். போகப்போக, வீம்பும் பாசமும் கொண்ட ஒற்றைக்கை அண்ணனாக, நடிக்கக் கற்றுக்கொண்டவர். கமல்ஹாசன் எங்களைக் குழப்பவில்லை. 1960-இல் களத்தூர் கண்ணம்மாவில் சிறுவனாக வந்தது முதல் படத்துக்குப் படம் வேறாளாக வருவதே அவருடைய பிம்பம் என்பதால், எந்த வரிசையில் பார்த்தாலும் அவர் புதியவராகவே இருந்தார்.

நட்சத்திர பிம்பம் சினிமாவுக்கு வெளியே சென்று பதவியில் அமர்வது தமிழகத்தில் மட்டும் நடந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். சிங்களத் திரையின் மிகப் பெரிய நட்சத்திரமான காமினி பொன்சேகா 1995 முதல் 1998 வரை வடக்குக் கிழக்கு மாகாண ஆளுநராக இருந்தார். அதாவது, நாங்கள் போத்தல் மண்ணெண்ணெய்க்குக் காசு சேர்த்த அதே ஆண்டுகளில், எங்கள் மாகாணத்தின் ஆளுநர் ஒரு நடிகர். 1979-இல் வந்த சருங்கலே என்ற சிங்களப் படத்தில் அவர் நடராஜா என்ற தமிழ் எழுதுவினைஞராக நடித்திருந்தார். முன்பின் அறியாத நடிகர் ஒருவர் அந்த வேடத்தை ஏற்றிருந்தால் சிங்களப் பார்வையாளர் ஒரு தமிழரைப் பார்த்திருப்பார்கள். காமினி ஏற்றதால், தாங்கள் நேசிக்கும் ஆளுக்கு ஒரு தமிழருக்கு நேர்ந்தது நேர்வதைப் பார்த்தார்கள். மூன்றாவது ஆளை இப்படி இரவல் கொடுக்கவும் முடியும்.

பிம்பமே இல்லாமல் இருப்பதும் சில வேளைகளில் பெரும் பலம். 2002-இல் வந்த கன்னத்தில் முத்தமிட்டால் எங்கள் மாங்குளத்திலிருந்து தொடங்கும் கதை. திரையில் காட்டப்பட்ட மாங்குளம் மாங்குளமே அல்ல என்பதை எந்த வன்னிக்காரரும் முதல் நிமிடத்திலேயே கண்டுகொள்வார். அப்படியிருந்தும், தமிழ்ப் பார்வையாளருக்கு அதிகம் பழக்கமில்லாத நந்திதா தாஸ் சியாமாவாக வந்தபோது, எங்களூரில் அவரை நடிகையென்று யாரும் பேசவில்லை. சியாமா என்றே பேசினார்கள். 2015-இல் கான் படவிழாவில் தங்கப்பனை விருது பெற்ற தீபன் என்ற பிரெஞ்சுப் படத்தின் நாயகன், அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. அவர் தொழில்முறை நட்சத்திரமாக இருந்திருந்தால் அந்தப் படம் வேறொன்றாக ஆகியிருக்கும். இரண்டாமவரைப் பார்க்கவிடாமல் குறுக்கே நிற்பதற்கு அவரிடம் மூன்றாமவர் இல்லை.

இதைப் பயின்று பார்க்க விரும்பும் தொடக்கநிலை மாணவருக்கு நான் கொடுக்கும் வேலை ஒன்றுதான்: பெரிய கதாநாயகர் ஒருவரின் அறிமுகக் காட்சியை மட்டும் எடுத்து, ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முகம் முதலில் வராது. வாகனக் கதவு திறக்கும், செருப்போ சப்பாத்தோ தரையில் பதியும், தூசி கிளம்பும், கை ஒன்று எதையோ சுழற்றும், முதுகு தெரியும், எதிரே நிற்பவர்களின் கண்கள் விரியும். அதற்குப் பிறகுதான் முகம். கதைப்படி அந்தப் பாத்திரம் இன்னும் எதுவுமே செய்யவில்லை, யாரென்றே நமக்குத் தெரியாது. தெரியாத ஒருவருக்கு எதற்காக இவ்வளவு காத்திருப்பு? காத்திருப்பு பாத்திரத்துக்கானது அல்ல. புதுமுகம் ஒருவரை இதே ஒழுங்கில் காட்டினால் அரங்கு சிரிக்கும்.

சென்ற ஆண்டு இந்த வேலைக்காகவே, சிறுவயதில் முடிவு காணாமல் பாய் சுருட்டிய அந்த எம்.ஜி.ஆர். படத்தை வகுப்பில் போட்டேன். இப்போது மின்சாரம் இருக்கிறது, திரையெறி கருவியும் இருக்கிறது. மாணவர்கள் எல்லோரும் 2005-க்குப் பின் பிறந்தவர்கள்; விஜய், அஜித்தின் ஒட்டிகள் ஒட்டிய ஓட்டோக்களில் வந்திறங்குகிறவர்கள். எம்.ஜி.ஆரை அவர்கள் சிலையாகவும் பழைய பாட்டாகவும் அறிவார்களே தவிர, ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்தவர்கள் அல்லர். தூணில் கட்டும் கட்டம் வந்தது. சவுக்கு ஓங்கியது. முன்வரிசையில் இருந்த பிள்ளை ஒருத்தி கதிரையின் விளிம்புக்கு வந்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "சேர், இவர் செத்துப்போவாரோ?"